பயிற்சிக் கூடத்தில் பகை வேண்டா



சென்ற திங்கள் இப்பகுதியில், வாடகை வீட்டில் அண்டை அயலாரோடு ஒத்து வாழ்தல் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த இளைஞர் சிலர், "வீட்டுச் சண்டை இருக்கட்டும், ஜிம்மில் வரும் சண்டைக்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்று கேட்டனர். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டாலும், கேள்வி சிரித்து ஒதுக்கத் தக்கதன்று. ஆதலின் இத்திங்கள் அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

கஞ்சிக்கோடு தொழிலால் வளர்ந்த ஊர். தேசிய நெடுஞ்சாலை 544-இன் இருபுறமும் தொழிற்சாலைகள். காலை முறை, மாலை முறை, இரவு முறை என்று உழைப்போர் மாறி மாறிச் செல்கின்றனர். நம்மைப்போலத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களோடு, வங்காளம், ஒடிசா, பீகார், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் இங்கே வாழ்கின்றனர். வெளிமாநிலத் தொழிலாளர் 640 பேர் தங்குவதற்கென்றே 2019-இல் 'அப்னா கர்' என்னும் விடுதி இங்கே திறக்கப்பட்டது. இத்தனை வகை மக்களும் மாலையில் ஒரே இடத்தில் தோளோடு தோள் உரச நிற்கும் இடங்கள் சிலவே. தேநீர்க்கடை ஒன்று, இரயில் நிலையம் ஒன்று, உடற்பயிற்சிக் கூடம் மற்றொன்று. தேநீர்க்கடையில் கையில் இருப்பது கண்ணாடிக் குவளை. பயிற்சிக் கூடத்தில் கையில் இருப்பது இரும்பு. ஆதலின் அங்கே சொல் தடித்தால் விளைவும் தடித்துவிடும்.

முன்னாளில் நம் ஊர்களில் இதற்குத் 'தேகப்பயிற்சி சாலை' என்று பெயர். கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி, குஸ்தி, சிலம்பம் ஆகியவை அங்கே நடந்தன. ஜெர்மனி நாட்டில் 1867-இல் பிறந்த யூஜின் சாண்டோ என்னும் வலியோன், எடைகளைக் கொண்டு உடலை வளர்க்கும் முறையை உலகெங்கும் பரப்பினான். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அவன் இந்தியாவுக்கும் வந்து சென்றான். அவன் பெயர் நம் நாட்டில் ஒரு பட்டமாகவே ஆகிவிட்டது. கையில்லாத பனியனைக்கூட இன்றும் கடையில் 'சாண்டோ பனியன்' என்றே கேட்கிறோம். நமக்கு அண்மையிலுள்ள கோயம்புத்தூரில், இராமநாதபுரம் பகுதியில் 1915-இல் பிறந்த எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர், தம் உடற்பயிற்சியால் 'சாண்டோ' சின்னப்பா தேவர் என்றே வழங்கப்பெற்றார். அவரைப் பற்றிப் பின்னரும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் வாழும் இக்கேரளத்திலோ களரி உண்டு. 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்டு, தரைமட்டத்திற்குக் கீழே தோண்டி அமைக்கும் களரியைப் பலர் பார்த்திருப்பீர்கள். உள்ளே செல்வோர் வலக்காலை முன்வைத்து, மண்ணைத் தொட்டு வணங்கி, தென்மேற்கு மூலையில் ஏழு படிகளாக அமைந்த பூத்தறையைத் தொழுது, குருக்களை வணங்கிய பின்னரே பயிற்சியைத் தொடங்குவர். இவற்றை வெறும் சடங்கு என்று நினைத்தல் தவறு. வாளும் கேடயமும் எடுக்கும் இடத்தில் மனம் முதலில் அடங்க வேண்டும் என்பதற்காகவே முன்னோர் வாயிலிலேயே தடுத்து நிறுத்தி, குனிய வைத்தனர்.

இன்றைய ஜிம்மில் அத்தகைய வாயில் இல்லை. பணம் கட்டியவர் எவரும் உள்ளே வரலாம். வந்தவர் ஒவ்வொருவரும், "நானும் பணம் கட்டியவன்தானே" என்ற எண்ணத்தோடு நிற்கிறார். பழைய சாலையில் வாத்தியார் ஒரு பார்வை பார்த்தால் சண்டை நின்றுவிடும். இங்கே மாஸ்டர் இருந்தாலும், அவரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர். இருபது பேரை ஒரே நேரத்தில் கவனிப்பவர். ஆகவே வாத்தியார் செய்த வேலையை இன்று நாமே நமக்குச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கு உடலின் இயல்பும் ஒரு காரணம். "கோபம் வந்தால் ஜிம்முக்குப் போ, இரும்பைத் தூக்கினால் கோபம் இறங்கிவிடும்" என்று சொல்வோர் பலர். அறிஞர் ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. 1972-இல் அமெரிக்காவில் டால்ஃப் சில்மன் என்பாரும் அவர் துணைவரும் ஓர் ஆய்வு செய்தனர். கடுமையாகச் சீண்டப்பட்டவர்களுள், உடல் வருந்தச் சைக்கிள் மிதித்தவர்கள், அமைதியாக இருந்தவர்களைக் காட்டிலும் மிகுதியாகப் பழிவாங்க முனைந்தனர். பயிற்சியால் துடிக்கும் நெஞ்சை, மனம் 'இது கோபத்தின் துடிப்பு' என்று எண்ணிக்கொள்கிறது. 2024-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் 154 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தனர். உடலின் கொதிப்பைக் குறைக்கும் மூச்சுப் பயிற்சி, தியானம் முதலியவையே கோபத்தைத் தணிக்கின்றன என்றும், ஓட்டம் போன்றவை அதனைத் தணிப்பதில்லை என்றும் கண்டனர். உடற்பயிற்சி உடம்புக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் பயிற்சியின் நடுவே இருப்பவர், சாதாரண வேளையில் பொறுத்துக்கொள்ளும் சொல்லை அப்பொழுது பொறுக்க மாட்டார். நாமும் அப்படித்தான், எதிரில் நிற்பவரும் அப்படித்தான். இதனை அறிந்திருத்தலே பாதி மருந்து.

இனி, சண்டை எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, காத்திருத்தல். மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே கூடம் நிரம்பி வழிகிறது. ஒருவர் பெஞ்சில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நிற்பவருக்கு எரிச்சல். ஆனால் அமர்ந்திருப்பவர் சும்மா இருக்கிறார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கனமான எடையைத் தூக்குவோர் ஒவ்வொரு செட்டுக்கும் இடையே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு எடுப்பது முறையே. நான்கு செட் செய்பவருக்கு, செட்டுக்கு ஒரு நிமிடம், இடையில் மூன்று முறை மூன்று நிமிட ஓய்வு என்று கொண்டால் 13 நிமிடம் ஆகும். ஒருவர் முடித்த பின் மற்றவர் தொடங்கினால் இருவருக்கும் சேர்ந்து 26 நிமிடம். முன்னவர் ஓய்வெடுக்கும்போது பின்னவர் செய்தாலோ, 15 நிமிடத்துக்குள் இருவரும் முடித்துவிடலாம். "இன்னும் எத்தனை செட் இருக்கிறது? நானும் இடையிடையே செய்துகொள்ளட்டுமா?" என்று கேட்பதற்கு ஐந்து விநாடிகூட ஆகாது. அந்த ஐந்து விநாடியைச் செலவிட மனமின்றி அரை மணி நேரம் முறைத்துக்கொண்டு நிற்போரை எங்கும் காணலாம்.

இரயில்வேயில் பணிபுரிவோர் 'லைன் கிளியர்' என்னும் சொல்லை அறிவர். பிளாக் முறை நடக்கும் பாதையில், அடுத்த நிலையத்தார் 'லைன் கிளியர்' கொடுத்தாலன்றி இந்த நிலையத்தார் வண்டியை அனுப்பக் கூடாது. எதிரே பாதை வெறுமையாகத் தோன்றுகிறதே என்று எவரும் வண்டியை விட்டுவிட மாட்டார். காலியாகத் தோன்றும் பெஞ்சுக்கும் இதுவே விதி. துண்டோ தண்ணீர்ப் புட்டியோ அங்கே இருந்தால், கேட்டுவிட்டே உட்கார வேண்டும். அதேபோல, துண்டைப் போட்டுவிட்டு வேறிடம் போய் அரட்டை அடிப்பவரும் பாதையை அடைத்து வைத்திருக்கிறார் என்பதை உணர வேண்டும்.

இரண்டாவது, எடுத்ததை எடுத்த இடத்தில் வையாமை. பாரில் மாட்டிய இரும்புத் தட்டுகளை அப்படியே விட்டுச் செல்வது பலருக்கு வழக்கம். அடுத்து வருபவர் மெலிந்த உடலினராகவோ, அன்றுதான் சேர்ந்தவராகவோ இருக்கலாம். வெறும் ஒலிம்பிக் பார் மட்டுமே 20 கிலோ. ஒரு பக்கத்துத் தட்டைக் கழற்றும்போது மறுபக்கம் சாய்ந்து காலில் விழுந்தால் பழி யாருக்கு? தட்டைக் கழற்றி வைப்பதும், வியர்வை பட்ட பெஞ்சைத் துடைப்பதும் பெருந்தன்மையைக் காட்டும் செயல்கள் அல்ல. செய்தே தீர வேண்டிய கடமைகள். படர்தாமரை போன்ற தோல் நோய்கள், பலர் தொட்டுப் புழங்கும் ஈரமான இடங்களில் எளிதில் தொற்றும். துண்டு கொண்டு செல்லாதவன் தன் வீட்டுக் குழந்தைக்கும் நோயைக் கொண்டுவருகிறான்.

மூன்றாவது, கேளாமல் கூறும் அறிவுரை. "அப்படிச் செய்யாதே, இப்படிச் செய்" என்று முன்பின் தெரியாதவருக்குச் சொல்லும் ஆர்வம் சிலருக்கு மிகுதி. எடை நெஞ்சின்மேல் விழும் நிலையிலிருந்தால் ஓடிப்போய்த் தாங்குக. அப்போது கேட்க வேண்டுவதில்லை. மற்ற வேளைகளில் அறிவுரையை மாஸ்டரிடம் விட்டுவிடுக. அவர் செட்டை முடிக்கும் முன் பேச்சுக் கொடுப்பதும் கூடாது. பாரத்தைச் சுமந்து நிற்பவரின் கவனம் சிதறினால் முதுகே முறியக்கூடும்.

நான்காவது, கண்ணும் கைப்பேசியும். நம் குடும்பப் பெண்களும் இப்பொழுது பயிற்சிக்குச் செல்கின்றனர். செல்ல வேண்டும் என்பதே நம் கருத்து. அவர்களை உற்று நோக்குதல், வழியை மறித்து நிற்றல், தன்னைப் படம் பிடிப்பதுபோல் பின்னால் நிற்பவரைப் படம் பிடித்தல் ஆகியவற்றைச் 'சின்னத் தகராறு' என்று ஆண்கள் ஒதுக்கிவிடுகின்றனர். அவை தகராறு அல்ல, குற்றம். அத்தகைய நிலையில் பெண்கள் பொறுத்துப் போக வேண்டும் என்று எவரும் அறிவுரை கூற வேண்டா. கூடத்தின் பொறுப்பாளரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். அவர் கேளாவிடில் கேரளத்தில் பெண்களுக்கான 181 என்னும் எண்ணையோ, அவசர உதவிக்கான 112 என்னும் எண்ணையோ அழைக்கலாம். "சொன்னால் வீட்டில் போக வேண்டாம் என்று நிறுத்திவிடுவார்களோ" என்ற அச்சத்தால் பல பெண்கள் வாய் திறப்பதில்லை. தவறு செய்தவன் வீட்டில் இருக்க வேண்டுமே தவிர, புகார் சொன்னவள் அல்லள். பெற்றோரும் கணவன்மாரும் இதனை மனத்தில் கொள்க.

ஐந்தாவது காரணம் நம்மைப்போன்று வேற்றூரில் வாழ்வோருக்கே உரியது. அதுதான் மொழி.

தமிழும் மலையாளமும் மிக நெருங்கிய உறவின. அந்த நெருக்கமே சில வேளைகளில் தொல்லை. நம் தமிழில் 'வந்தான்' என்றால் ஒரு மதிப்பு, 'வந்தார்' என்றால் ஒரு மதிப்பு. மரியாதை வினைச்சொல்லின் ஈற்றிலேயே இருக்கிறது. மலையாளத்தில் அந்த ஈறு இல்லை. அவன் வந்தாலும் 'வந்நு' தான், பெரியவர் வந்தாலும் 'வந்நு' தான். மரியாதையை அவர்கள் பெயர்ச்சொல்லிலும் குரலிலும் வைத்திருக்கிறார்கள். நம் காதோ சொல்லின் ஈற்றில் மரியாதையைத் தேடித் தேடிக் காணாமல், "என்னை மதிக்காமல் பேசுகிறான்" என்று கொதிக்கிறது. 'எடோ' என்று நட்போடு அழைத்தால், நம் செவியில் அது 'அடே' என்று விழுகிறது. 'மாறு' என்றால் நமக்கு வேறாகு என்று பொருள். மலையாளத்தில் ஒதுங்கி நில் என்றும் பொருள். பாரத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஒருவர் "ஒந்நு மாறிக்கே" என்றால், அவர் நம்மை விரட்டவில்லை. இரும்பு நம்மேல் படாதிருக்க ஒதுங்கச் சொல்கிறார். அதே போல், நாம் இயல்பாகப் பேசும் உரத்த பேச்சு அவர்களுக்குச் சண்டைபோலத் தோன்றலாம். வங்காளத்துத் தொழிலாளிக்கோ நம் இரு மொழியும் புரியா. அவர் பதில் பேசாமல் நிற்பதைத் திமிர் என்று கொள்வது எவ்வளவு பேதைமை!

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. பாலக்காட்டுப் பக்கத்தில் மூத்தவரை 'ஏட்டா' என்று அழைப்பர். நம் 'அண்ணா' போன்றதே அது. பேச்சை 'ஏட்டா' என்றோ 'அண்ணா' என்றோ தொடங்கிப் பாருங்கள். உறவுமுறை சொல்லித் தொடங்கிய வாக்கியத்தை வசையில் முடிப்பது கடினம்.

எல்லா முன்னெச்சரிக்கைக்குப் பின்னும் சண்டை மூண்டுவிட்டால் என்ன செய்வது? முதலில் கையிலுள்ள இரும்பைக் கீழே வையுங்கள். பேசும் எதையும் அதன் பின்னரே பேசுங்கள். இரண்டாவது, ஓரடி பின்வாங்கி நான்கைந்து முறை மெல்ல மூச்சை விடுங்கள். நெஞ்சத் துடிப்பு இறங்கட்டும். மூன்றாவது, நடந்த செயலைப் பற்றி மட்டும் பேசுங்கள். அவருடைய ஊரையும் மொழியையும் சாதியையும் இழுக்காதீர்கள். "நான் மூன்றாவது செட் செய்துகொண்டிருந்தேன்" என்பது செயல். "உங்கள் ஆட்களே இப்படித்தான்" என்பது நெருப்பு. நான்காவது, தீராவிடில் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வேறு பயிற்சிக்குச் சென்றுவிடுங்கள். ஐந்தாவது, நண்பர்களைத் தொலைபேசியில் அழைத்துத் திரட்டாதீர்கள். இருவர் சண்டை இரவுக்குள் ஆறும். இரு கூட்டத்தார் சண்டை ஆண்டுக்கணக்கில் ஆறாது. சங்கத்தின் பெயரை அதில் இழுப்பது அதனினும் கேடு.

வளாகத்தில் வளைய வருவோர் கையில் சிக்காத ஒன்று சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 115-ஆம் பிரிவின்படி, ஒருவருக்கு வேண்டுமென்றே காயம் விளைவித்தால் ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். கொடுங்காயமானால் 117-ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை. அரசுப் பணியாளர்க்கு இன்னொரு பூட்டும் உண்டு. இரயில்வே ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகள் (1968) கூறுவது இது: ஊழியர் 48 மணி நேரத்திற்கு மேல் காவலில் வைக்கப்பட்டால், அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டவராகவே கருதப்படுவார். தனியார் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவர்க்கோ அந்த விதியும் வேண்டுவதில்லை. ஒப்பந்தக்காரர் மறுநாள் வரச் சொல்லாமல் விட்டாலே போதும். மாதம் பிறந்தால் ஊரிலுள்ள தாய்க்கு மருந்துக்கும், தங்கையின் படிப்புக்கும் பணம் அனுப்ப வேண்டியவர் நாம். ஒரு பெஞ்சுக்காக அதனை அடகு வைக்கலாமா?

"அப்படியானால் எப்பொழுதும் நாமே தாழ்ந்து போக வேண்டுமா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. வெளியூரில் இருக்கிறோம் என்பதற்காக அநீதியை விழுங்கச் சொல்லவில்லை. நம்மை ஊரைச் சொல்லி இழித்தால், நாள், நேரம், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றைக் குறித்து, பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். கை ஓங்காதவனின் முறையீட்டுக்குத்தான் வலிமை மிகுதி. வாளையாற்றுக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் இடையே காட்டு யானைகள் இரயில் பாதையைக் கடப்பதை அனைவரும் அறிவோம். யானைகள் பல அங்கே வண்டியில் அடிபட்டு மாண்டன. அதனால் அப்பகுதியில் வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாடு விதித்துள்ளனர். யானைக்கு அறிவிப்புப் பலகை வைத்துப் பயனில்லை. அறிந்தவன்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். வண்டி வேகம் குறைத்ததால் அதற்கு இழிவு ஒன்றுமில்லை. பயணிகள் அனைவரும் ஊர் போய்ச் சேருகின்றனர்.

போட்டியும் பகையும் வேறு வேறு என்பதற்கும் ஒரு சான்று கூறுவோம். 2014-இல் கிளாஸ்கோ நகரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில், 77 கிலோ எடைப்பிரிவில் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். வெள்ளி பெற்றவர் ஒடிசாவின் இரவிக்குமார் கட்டுலு. அவர் தூக்கியது 317 கிலோ. ஒரே நாட்டார் இருவர், ஒரே மேடை, ஒரே பார். அவரவர் முறை வந்தபோது அவரவர் தூக்கினர். பெயர் கூப்பிட்ட பின் ஒரு நிமிடத்துக்குள் எடையைத் தூக்கத் தொடங்க வேண்டும் என்பது அங்கே விதி. உலக வீரர்களே மணி பார்த்து, முறை பார்த்துத் தூக்கும்போது, நமக்கு முறை பார்ப்பதில் என்ன குறை? சதீஷ் தென்னக இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிந்தவர் என்பதில் எம் போன்றோர்க்குத் தனி மகிழ்ச்சியும் உண்டு.

இனித் தேவரிடம் திரும்புவோம். சின்னப்பா தேவரும் எம்.ஜி. இராமச்சந்திரனும் உடலை வளர்ப்பதில் ஈடுபாடு கொண்ட நண்பர்கள். 1947-இல் வந்த 'ராஜகுமாரி'யில் இருவரும் நடித்தனர். 1956-இல் தேவர் தாமே படம் எடுக்கத் தொடங்கி, எம்.ஜி.ஆரை வைத்துத் 'தாய்க்குப்பின் தாரம்' எடுத்தார். அதனை ஒட்டி இருவருக்கும் பிணக்கு ஏற்பட்டது. காரணம் எதுவாயினும் ஆகுக. இருவரும் உடல் வலியர், இருவரும் மான உணர்ச்சி மிக்கவர். ஆயினும் அந்தப் பிணக்கைக் கைகலப்பாக ஆக்கவில்லை. தேவர் 'நீலமலைத் திருடன்' முதலிய படங்களை வேறு நடிகரைக் கொண்டு எடுத்தார், எம்.ஜி.ஆர் தம் வழியே சென்றார். ஐந்தாண்டு கழித்து, 1961-இல் 'தாய் சொல்லைத் தட்டாதே' படத்தில் மீண்டும் ஒன்று சேர்ந்தனர். 1972-இல் வந்த 'நல்ல நேரம்' வரை, தேவர் எடுத்த படங்களுள் 16 படங்களில் எம்.ஜி.ஆர் நடித்தார். முதல் படத்தோடு தொடர்பை அறவே வெட்டியிருந்தால் மற்றப் பதினைந்தும் இல்லை.

ஆகவே, நேற்று யாரோடேனும் பயிற்சிக் கூடத்தில் முறைத்துக்கொண்ட இளைஞர் இதனைப் படிப்பீராயின், இன்று மாலை அவரைக் கண்டதும் தலையை ஒருமுறை அசையுங்கள். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டா. முடிந்தால், அவர் பெஞ்சில் எடை தூக்கும்போது தலைமாட்டில் நின்று பாரைத் தாங்கிக் கொடுங்கள். நெஞ்சுக்கு மேலே கனத்த இரும்பு நிற்கும்போது, பின்னால் நிற்பவர் எந்த ஊர், என்ன மொழி என்று எவரும் கேட்பதில்லை.

அடுத்த திங்கள், இரவு முறைப் பணிக்குச் செல்வோர் உறக்கத்தையும் உணவையும் அமைத்துக்கொள்ளும் வகை பற்றிக் காண்போம்.